தரிசு என்று நான் எழுதிய வயல்

செயற்கைக்கோள் படத்தில் பயிர் பச்சையாக இருக்காது, சிவப்பாக இருக்கும். காய்ந்த மண் சாம்பல் கலந்த நீலம். தண்ணீர் கறுப்பு. தஞ்சாவூர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காவிரிப் பாசனத்தில் எங்கே என்ன பயிர் என்று இந்த நிறங்களை வைத்து எழுதுவதுதான் என் வேலை. நாற்று நட்டே கை தேய்ந்த வீட்டிலிருந்து வந்தவள், செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய் வேலை பார்த்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அண்ணனுக்கு என் வேலை பெரிய வேடிக்கை. வரப்பில் நின்று கையாட்டினால் மேலேயிருந்து தெரியுமா என்று கேட்பான். என்னைப் படிக்க வைத்தவன் அவன். அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் பிறர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற கடைமடையில், அவன் பாடுபட்டு வாங்கிய ஒரு ஏக்கர்தான் எங்கள் குடும்பத்துக்கு என்று முதன்முதலில் வந்த நிலம்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது, அதுவும் குறைவாக. பயிர் இருக்கிற வாய்க்கால்களுக்கு மட்டும் முறை வைத்து விடலாம் என்று மேலே முடிவு செய்து, எங்களிடம் வரைபடம் கேட்டார்கள். படத்தில் கடைமடை முழுக்கச் சாம்பல் நீலமாகக் கிடந்தது. அப்படி இருந்தால் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது விதி.

ஜீப்பில் மூன்று பேர் கிளம்பினோம். எங்கெங்கே இறங்கிப் பார்ப்பது என்று குறித்தவள் நான். எங்கள் ஊரைக் குறிக்கவில்லை. மழுப்பாமல் சொல்கிறேன்: அந்த வயல்களுக்குப் போக எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். ஊரை விட்டுத் தள்ளி, சுடுகாட்டுப் பாதையில் இருக்கிற தெரு. அதைப் பார்த்தாலே நான் யார் வீட்டுப் பெண் என்று கூட வந்தவர்களுக்கு விளங்கிவிடும். டவுன்தான் என் ஊர் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். ஜீப் முத்துப்பேட்டை ரோட்டிலேயே ஓடியது. ரோட்டோரம் பார்த்த நாலு வயலும் உழவில்லாமல் வெடித்துக் கிடந்தன. அதையே எல்லாவற்றுக்கும் வைத்து, கடைமடை தரிசு என்று எழுதினேன்.

அண்ணன் அங்கே புழுதி விதைப்பு செய்திருந்தான். காய்ந்த மண்ணை உழுது, நெல்லைத் தெளித்துவிட்டு, தண்ணீருக்குக் காத்திருப்பது. மேலிருந்து பார்த்தால் வெறும் மண்தான். எனக்குத் தெரியாத விஷயமா இது? சின்ன வயதில் அந்தப் புழுதியில் காக்கை விரட்டியவள்தானே நான்.

பிறகு ஒரு மழை பெய்து விதை முளைத்தது. அதோடு வானம் கைவிட்டுவிட்டது. எங்கள் வாய்க்காலின் மதகைத் திறக்கவே இல்லை. விரல் நீளம் வந்த பயிர் கருகியது. அண்ணன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான். படத்தில் தரிசு என்று இருக்கிறது என்றார்களாம். அந்தப் படத்தைக் கொஞ்சம் சரியாகப் பார்க்கச் சொல்ல முடியுமா என்று என்னிடம் வந்து கேட்டான். எழுதியது யார் என்று அவனுக்குத் தெரியாது.

நான்தான் என்றேன். ரோட்டோடு திரும்பியதையும், ஏன் என்பதையும் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"சொல்லி அனுப்பியிருந்தா ரோட்டுக்கே வந்திருப்பேனே பாப்பா," என்றான். "ஒன்னைத் தெரியாத ஆளு மாதிரியே நின்னு, வெதைச்சிருக்கோம்னு சொல்லியிருப்பேன்."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பக்கத்து நிலங்களை வெளிநாட்டுக்கு இறால் ஏற்றுமதி செய்கிற கம்பெனி வாங்கி, குளம் வெட்டியது. உப்புத் தண்ணீர் ஊறி வர, அண்ணனும் தன் ஏக்கரை அந்தக் கம்பெனிக்கே விற்றுவிட்டுக் குவைத்துக்குப் போனான். அதற்கடுத்த படத்தில் அந்த ஏக்கர் கறுப்பாக இருந்தது. கறுப்பு என்றால் தண்ணீர், அதில் சந்தேகமே கிடையாது, நேரில் போகத் தேவையில்லை. நான் போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஜீப்பை எங்கள் தெரு வழியாக விடச் சொன்னேன். இது நான் பிறந்த தெரு, அதோ அது என் அண்ணன் வயல் என்று கூட வந்தவர்களிடம் காட்டினேன்.

எந்த வயல் என்று கேட்டார்கள்.