ஷூவை அறுத்ததற்கு அபராதம்

ஜீவனாம்சத்தை உயர்த்திக் கேட்டால் கோர்ட் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: சூழ்நிலை மாறியிருக்க வேண்டும். கோர்ட் அலுவலகத்தில் அப்படிப்பட்ட மனுக்களுக்கு எண் போட்டே ஓய்வு பெற்றவள் நான். குழந்தை வளர்வதும் சூழ்நிலை மாற்றம்தான். ஆனால் வளர்ந்த குழந்தை எதிரிலேயே நின்றாலும் அதை நிரூபிக்க வேண்டும்.

அந்தக் குழந்தையாக நானும் ஒருமுறை வேலூர் கோர்ட்டில் நின்றிருக்கிறேன். அப்போது நான்காம் வகுப்பு. அம்மாவும் அப்பாவும் விவாகரத்தாகி ஐந்து வருடம். எனக்கு மாதம் நாற்பது ரூபாய் என்று பழைய உத்தரவு. பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் பாக்கி. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை பார்த்த அம்மா, மனு தோற்றால் என் படிப்பை நிறுத்துவதாக முடிவு செய்திருந்தாள்.

யோசனை மாமாவுடையது. வக்கீல் குமாஸ்தாக்களோடு டீ குடித்தே சட்டம் படித்தவர் அவர். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்த அப்பா, இரண்டு வருடம் முன்பு துண்டுத் தோலில் தைத்துக் கொடுத்த ஷூவை மாமா எனக்கு மாட்டிவிட்டார்.

"கால இழுத்து இழுத்து நட. கேட்டா பத்தலன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள் என்றார்கள். பன்னிரண்டும் ஆயிற்று. டவாலி வெளியே வந்து யார் யார் பெயரையோ மூன்று தடவை கத்திவிட்டு உள்ளே போனார். நின்றால் விரல் எரிந்தது, நடந்தால் குதிகால். உட்கார்ந்தேன், எழுந்தேன், வராந்தாத் தூணை நொண்டி நொண்டிச் சுற்றினேன். அம்மாவும் மாமாவும் ஸ்டாம்பு வாங்கப் போன நேரத்தில் அப்பா வந்தார். பசை வாடையும் கூடவே வந்தது.

"இன்னாமா நொண்டுற?"

அவர் மண்டியிட்டு ஷூ முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"எத்தினி நாளா இதப் போட்டுகினு இருக்க?"

சட்டைப்பையிலிருந்து தோல் அறுக்கும் சின்னக் கத்தியை எடுத்தார். இரண்டு ஷூவின் முனையையும் பிசிறில்லாமல் வளைவாக அறுத்தார். விரல்கள் வெளியே வந்தன.

"நட, பாக்கலாம்."

நடந்தேன். ஓடியும் பார்த்தேன். அப்போதுதான் டவாலி எங்களைக் கூப்பிட்டார். நான் துள்ளிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்து, ஸ்டாம்போடு திரும்பி வந்த மாமா தலையில் கைவைத்தார்.

குழந்தையின் தேவையில் மாற்றமே இல்லை என்று அப்பாவின் வக்கீல் எதிர்மனுவைப் படித்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் என் காலைப் பார்த்தார்.

"ஷூவுக்கு என்னம்மா ஆச்சு?"

"அப்பா அறுத்துட்டாரு. இப்ப வலிக்கல."

நாலு பேர் சிரித்தார்கள். அவர் அப்பா பக்கம் திரும்பினார். "எதுக்குய்யா அறுத்த?"

வக்கீல் அப்பாவையே பார்த்தார். அப்பா என் காலைப் பார்த்தார்.

"கால் பெருசாய்டுச்சுங்க ஐயா. ரெண்டு சைஸ் ஏறிடுச்சு."

அடுத்த வாய்தாவிலேயே நாற்பது எழுபதாயிற்று. கோர்ட்டில் அவ்வளவு வேகத்தைப் பிற்பாடு நான் அதிகம் பார்த்ததில்லை. தன் யோசனை பலித்ததென்று மாமா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். எனக்கு மட்டும் அது இறங்கவில்லை. ஷூவை அறுத்ததற்காக அப்பாவுக்கு மாதம் முப்பது ரூபாய் அபராதம் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காட்டிக்கொடுத்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பார்க்க வந்தபோது அழுதுவிட்டேன். "நான் சொல்லாம இருந்திருந்தா உனக்கு ஃபைன் போட்டிருக்க மாட்டாங்க."

அவர் சட்டைப்பையில் பென்சிலைத் தேடி எடுத்தார்.

"ஃபைன் கம்மிதான்மா. கால வை."

தரையில் செய்தித்தாளை விரித்து, என் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். கூசியது. அசையாமல் நின்றேன். வேறொன்றும் பேசாதே என்று எனக்கு மாமா சொல்லிக்கொடுத்ததுபோல, அப்பாவுக்கும் அவருடைய வக்கீல் சொல்லிக்கொடுத்திருப்பார் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.