பாரணைக்கு முன் ஒரு பரிசோதனை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதி முனையிலுள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மெலிந்த ஊழியர் ஒருவர் இருந்தார். ஊசி குத்துமுன், ஏதேனும் தின்ற தடம் ஒட்டியிருக்கிறதா என்று எவருடைய கடைவாயையும் உற்றுப் பார்ப்பது அவர் வழக்கம். ஏகாதசி முழுதும் உபவாசமிருந்து, துவாதசிக் காலை விரதம் முடித்து உண்ணும் பாரணைக்கு முன் சென்ற என்னையும் அவ்வாறே பார்த்தார்.

அரைமணியில் முடிவு வந்தது. உண்டு உறங்கி எழுந்தவருக்குரிய அளவில் சர்க்கரை இருந்தது. வீதியே மெச்சும் என் விரதத்தை இத்தாள் பொய்யாக்கிவிடுமே என்று அஞ்சி, "உங்கள் கருவியில் கோளாறு" என்றேன்.

"மெஷின் சரிதான் சார். குடலுக்கு ஒண்ணும் வரலைன்னா, சேத்து வச்சதை ஈரல் ரத்தத்துல விடும். தீந்தா புதுசா செஞ்சுக்கும். ஈரல் விரதம் இருக்காதுங்க."

"அப்படியெனில், நான் உண்ணவில்லை என்பதற்கு இது சான்றா?"

"சாப்பிடலைன்னும் சொல்லாது, சாப்பிட்டீங்கன்னும் சொல்லாது சார்" என்றவர், மீண்டும் என் கடைவாயைப் பார்த்தார்.

ஒன்றுமே ஒட்டாத வாயை நான் ஏன் துடைத்துக்கொண்டேன் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.