வயித்துவலி அம்மா

அந்தத் தேர்வு மையத்தில் அவளுக்கு வயித்துவலி அம்மா என்றுதான் பெயர். மருத்துவம் படித்தவர்கள் தொழில் செய்ய உரிமம் வாங்க வேண்டுமென்றால், கடைசிக் கட்டமாக அங்கே வந்து ஒரு நோயாளியை விசாரித்துக் காட்ட வேண்டும். அந்த நோயாளிதான் இவள். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது, சாப்பிட்டால் குமட்டுகிறது, அழுத்தினால் உயிர் போகிறது என்று ஒப்பிக்க வேண்டும். குடல்வால் வீக்கம் என்று கண்டுபிடித்தால் மார்க். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டால், "வேற ஒண்ணுமில்ல" என்று சொல்ல வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் தேர்வாளர் உட்கார்ந்து குறித்துக்கொள்வார்.

முன்பு அதே கட்டடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள். இந்த வேலைக்கு வந்து ஏழு வருஷத்தில் ஒரு வார்த்தை பிசகியதில்லை. அடேயப்பா, அவள் போடுகிற "ஐயோ"வில் பாதிப் பிள்ளைகள் நிஜமாகவே பயந்து கையை எடுத்துவிடுவார்கள்!

வீட்டில் கேலிக்குக் குறைவில்லை. கதவைத் திறக்கும்போதே மருமகள், "இன்னிக்கு எத்தனை தடவை வலிச்சுது அத்தை?" என்பாள். ஒருநாள் சாப்பிடும்போது, மார்பில் என்னவோ கட்டி மாதிரி உறுத்துகிறது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "புதுப் பாடமாம்மா? பிரமாதமா நடிக்கிறே" என்று மகன் சிரித்தான். மருமகளுக்குப் புரையேறிவிட்டது. இவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. கட்டி அதுபாட்டுக்கு வளர்ந்தது.

ஒருநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "அம்மா, அடுத்த தடவையிலருந்து பரீட்சை முறையே மாறுது. எல்லாம் கம்ப்யூட்டர்தான். நோயாளி திரையில வருவாராம், இவங்க விடையைத் தட்டிட்டுப் போயிடுவாங்களாம். ஆளு வேண்டாமாம்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"உங்களுக்கு இந்த வேலை மட்டும்தான் போகுது. இந்தத் தடவை கோட்டை விடுறவங்க, புது முறையில முதல் தாள்லருந்து ஆரம்பிக்கணும். அவங்க பாடுதான் திண்டாட்டம்."

முடிவெடுக்கிற மகராசர்களுக்கு என்ன, கையெழுத்தைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார்கள். இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். ஆனால் அவளை உட்காரவைத்து, முகத்தைப் பார்த்து, "என்னம்மா பண்ணுது?" என்று கேட்கிற இடம் அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

கடைசி நாள், கடைசி ஆளாக ஒரு டாக்டரம்மா வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். வேறெங்கோ படித்தவளாம், இது மூன்றாவது முயற்சி என்று மேற்பார்வையாளர் முன்னாலேயே காதைக் கடித்திருந்தார். அவள் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டாள். "என் கை ஜில்லுன்னு இருக்கும்மா, ஒரு நிமிஷம்" என்றுவிட்டு, சூடு ஏறியபின்தான் வயிற்றில் வைத்தாள். இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?"

"மார்ல ஒரு கட்டி இருக்கும்மா. யார்கிட்டயும் சொல்லல."

டாக்டரம்மா வயிற்றை விட்டுவிட்டாள். எப்போதிலிருந்து, வலிக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று நிதானமாகக் கேட்டாள். இவள் கொட்டித் தீர்த்தாள். மணி அடித்தபோதுதான் இவளுக்கு உறைத்தது. அடிவயிற்றை அவள் அழுத்தவே இல்லை. குடல்வால் என்ற பேச்சே வரவில்லை. டாக்டரம்மா எழுந்து, "பரீட்சைக்குச் சொன்னீங்களா, நிஜமான்னு தெரியல. நிஜம்னா உடனே போய்க் காட்டுங்க. காட்டுவீங்களா?" என்றாள். இவள் தலையாட்டினாள்.

அடுத்த நிமிஷம் மேற்பார்வையாளரிடம் ஓடினாள். "நான்தான் உளறிட்டேங்க. அவங்க மேல தப்பே இல்ல."

அவர் உள்ளே போய்த் தேர்வாளரிடம் பேசிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "அழுத்திப் பார்க்கல, நோயைச் சொல்லல, மார்க் இல்லைன்னுட்டார். மறுபடி வைக்கலாமேன்னு கேட்டேன். இந்த முறையையே இன்னியோட மூடறோம், யாரை வச்சு நடத்தறதுங்கறார்."

வெளியே படிக்கட்டில் டாக்டரம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவை நல்லாப் பண்ணியிருக்கேன்னுதான் நினைக்கிறேன்... ஆமா, பிள்ளைங்ககிட்டயும் சொல்லு." பாவி மனசு, எதிரே போய் நிற்கத் துணியவில்லை. இவள் பின்பக்கமாக வெளியேறினாள்.

கொடுத்த வாக்கையாவது காப்பாற்ற வேண்டுமே என்று அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். இளவயது டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "என்ன பண்ணுது?" என்றார். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள்.

"சொல்லுங்கம்மா, வெளிய கூட்டம் நிக்குது."

அவள் கை தானாகவே வலது அடிவயிற்றுக்குப் போயிற்று. "தொப்புளைச் சுத்தி ஆரம்பிச்சதுங்க..."

அவர் தட்டிக்கொண்டே போனார். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"

போன தடவை இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லி, ஒருத்தி பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று.

"வேற ஒண்ணுமில்ல" என்றாள்.