குளிரை அறிவிப்பவள்

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் அக்டோபர் எப்போது பிறக்கிறது என்பதைப் பாய்லர் அக்காவின் உள்ளங்கால்தான் முடிவு செய்யும். இலைகள் உதிரத் தொடங்கியதும் விடியற்காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்படிகளில் ஏறுவாள். பாதம் சுரீரென்றால் அன்றே கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் எரியும். சூட்டுக்குழாய்கள் கடகடப்பதைக் கேட்ட பிறகுதான் வீடுகளில் கம்பளிகள் பெட்டியை விட்டு வெளியே வரும், ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டுவார்கள். கணவன் இறந்தபின் அவன் வேலையை ஏற்றுக்கொண்டவள் அவள். கணிப்பு ஒருமுறையும் தப்பியதில்லை என்று சொல்ல முடியாது. யாரும் சண்டைக்கு வந்ததில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் வந்தார்கள். மரங்கள் மொட்டையாகியும் படிக்கல் அவளுக்கு வெதுவெதுப்பாகவே இருந்தது. மற்றவர்கள் இருமிக்கொண்டிருக்க, அவளுக்குக் கழுத்து வியர்த்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கீழே வந்து, இப்படியே போனால் பாய்லரைத் தானாக மூட்டும் கருவியை வாங்க வேண்டியிருக்கும் என்று நாசூக்காகச் சொல்லிப் போனார். கருவி வந்தால் வேலை போகும். வேலையோடு அவள் குடியிருக்கும் அடித்தள அறையும் போகும்.

பயம் இருந்தது. அதைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. பொய் சொல்வது கல்லா, காலா? மூன்றாம் மாடித் தையல்காரியிடம் போய்க் கேட்டாள்.

"ஊசியில நூல் கோக்க வரலக்கா, விரல் மரத்துக் கிடக்கு. உங்களுக்கு மட்டும் சித்திரை மாசமா?"

அக்கா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். பனிக்கட்டியாக இருந்தது.

"அடேயப்பா, அடுப்பு மாதிரி இருக்கு உங்க கை. விடாதீங்க, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, மாதவிலக்கு நிற்கிற வயதில் தன் மாமியாரும் இப்படித்தான் ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுத்து வீட்டையே நடுங்க வைத்தார் என்றாள்.

அக்கா யோசித்தபடி இறங்கினாள். இத்தனை வருஷம் அளந்தது கல்லின் குளிரையா, தன் சூட்டையா? குளிர் என்று தனியாக ஒன்று இருக்கிறதா, அல்லது இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்துக்குத்தான் அந்தப் பெயரா? பாய்லரை மூட்டினாள்.

குழாய்ச் சத்தம் கேட்டுச் செயலாளர் வந்தார். அடுத்த வருஷத்துக்காவது கருவி வேண்டாமா என்று இழுத்தார்.

"என் காலு இனிமே செல்லாது சார். வீட்டுக்கு ஒருத்தர் கையைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் இனி மூட்டுவேன். ஒரு உடம்பு ஏமாத்தும். எல்லா உடம்பும் சேந்தா ஏமாத்தும்?"

அவர் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினார்.

"என் கை எப்படி இருக்குன்னு பாருங்க."