நோரீன் கடையின் சார்ஜென்ட்

“விடு அவனை! விடுன்னு சொல்றேன்ல!”

நோரீன் ஆட்டர்டின் கத்தரிக்கோல் காதோரம் இருக்கும் நேரத்தில் இந்தக் குரல் எழுந்தால், முதல் தடவை வந்தவர்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார்கள். பழகியவர்கள் அசைய மாட்டோம். திட்டு நமக்கல்ல, கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் மீன் தொட்டிக்கு. “உன்னை இல்ல கண்ணு. உன்னைத் திட்டணும்னா பேர் சொல்லித்தான் திட்டுவேன்” என்று சமாதானம் ஒன்று வரும். கத்தரி மறுபடி ஓடத் தொடங்கும்.

போவன் என்ற கடலோர ஊரில், துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில் அவருடைய முடிதிருத்தும் கடை இருக்கிறது. இளமையெல்லாம் உள்நாட்டுப் பண்ணைகளில் ஆட்டு ரோமம் கத்தரித்தவர். முதுகு போன பிறகு கடலோரம் வந்து மனிதத் தலைகளுக்கு மாறினார். பழைய பிடி மட்டும் மாறவில்லை. நம் தாடையை உள்ளங்கையில் ஏந்தி, தலையைத் தன் விலாவோடு அணைத்துக்கொண்டுதான் பின்கழுத்தை மழிப்பார். திமிறினால், “ஆடு கூட இவ்வளவு முறுக்காது” என்பார். மதியச் சாப்பாடு நின்றபடியே, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு பலகாரம், மேலே தாராளமாகத் தக்காளி சாஸ். தரையில் விழும் முடியைப் பெருக்கிக் கோணியில் கட்டி, என்னைப் போல மாம்பழக் கொட்டகையில் வேலை செய்பவர்களிடம் கொடுத்தனுப்புவார். தோப்பைச் சுற்றித் தூவினால் காட்டுப் பன்றி வராதாம். வரத்தான் செய்கிறது. அதை அவரிடம் சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

பிரிஸ்பேனுக்குக் குடிபோன வாடிக்கையாளர் ஒருவர் விட்டுச்சென்றது அந்தத் தொட்டி. கூடவே இரண்டு கோமாளி மீன்கள். அடர்ந்த சிவப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள். பெரியவள் ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவள்தான் சார்ஜென்ட். சின்னவன் ராய், என் கட்டைவிரல் அளவு. சார்ஜென்ட் கிட்டே வந்தாலே ராய் தலைகீழாகச் சாய்ந்து உடம்பை வெடவெடவென்று உதறுவான். “பாத்துக்கோ, ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்” என்பார் நோரீன். “என் வீட்டுக்காரனுக்கு இந்த நடுக்கம் இல்லாமப் போச்சு. என்னை விட்டுட்டு நேரா டார்வின் டவுனுக்குப் போயிட்டான்.”

தொட்டிக் கண்ணாடியைத் தேய்க்கும் பிரஷ்ஷை ஒருநாள் அவர் உள்ளேயே மறந்து வைத்துவிட்டார். மறுநாள் பார்த்தால் மீன்கள் இரண்டும் அதன் நாரில் உடம்பைப் புதைத்துக்கொண்டு கிடந்தன. கடலில் அவை குடியிருக்கும் பூப்போன்ற பிராணி இங்கே இல்லையே, கிடைத்ததை வீடாக்கிக்கொண்டுவிட்டன. எடுக்கப் போனால் சார்ஜென்ட் சீறினாள். நோரீன் வேறு பிரஷ் வாங்கிக்கொண்டார்.

போன வருஷம் மாம்பழ சீசனுக்குச் சற்று முன்னால்தான் சார்ஜென்டுக்குப் பிசாசு பிடித்தது. தண்ணீர் மாற்றக் கை விட்டால் கடித்தாள். வாலால் மணலை வாரி அடித்தாள். அது கண்ணாடியில் சடசடவென்று விழும் சத்தம் வானொலியில் ஓடும் குதிரைப் பந்தயத்தையும் மீறிக் கேட்டது. ராயைக் கூட விடவில்லை. மூலையில் கிடக்கும் உடைந்த பூந்தொட்டித் துண்டை நோக்கி அவனை முட்டி முட்டித் தள்ளினாள். அவன் விலகினால் வாலைக் கவ்வினாள்.

கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். “பசி” என்றார் நகராட்சியில் சாலை வேலை பார்க்கும் கெல்வின் பர்டி. “திமிர்” என்றார் மோட்டல் நடத்தும் க்ளைவ் ஹென்ஷா. “பல்வலியா இருக்கும்” என்று நானும் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன்.

நோரீன் யார் பேச்சையும் எடுத்துக்கொள்ளவில்லை. “அவளுக்குச் சலிச்சுப் போச்சு. ஒரே வீட்டுல ரெண்டே பேர். எத்தனை நாளைக்கு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு கிடக்கறது? ஒரு துணை வேணும்.”

டவுன்ஸ்வில் நகரத்து மீன் கடையில் இருந்து பிளாஸ்டிக் பையில் துணை வந்தது. ராயை விடச் சின்னது, வெகு சாது. அதைத் தொட்டியில் விட்டபோது நான் பெஞ்சில் காத்திருந்தேன். நாற்காலியில் கெல்வின். அடுத்த நாள் அவர் மகளுக்குக் கல்யாணம். தலையில் வலது பாதி முடிந்திருந்தது.

நோரீன் இடது பாதிக்கு மெஷினைக் கொண்டுபோனார். அதற்குள் தொட்டியில் ஒரு சிவப்புக் கோடு பாய்ந்தது. சின்னது கண்ணாடியில் மோதித் திரும்பியது. சார்ஜென்ட் அதன் வாலைக் கவ்வி உலுக்கினாள். அது மேலே ஓடியது, கீழே ஓடியது, ஓட இடமில்லாமல் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கும் அவள் இரங்கவில்லை.

“கொன்னுடுவா! கொன்னுடுவா!” நோரீன் மெஷினை அப்படியே கெல்வின் மடியில் போட்டார். அது ஓடிக்கொண்டேயிருந்தது. கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுச் சின்னதைக் குவித்துப் பிடித்தார். கை வெளியே வந்தபோது விரல் இடுக்கில் ரத்தம்.

“ஏய், இது என் மடியில மேயுது!” என்று கெல்வின் கத்தினார்.

“அணைச்சுத் தொலையேன்! பொத்தான் பக்கத்துலயே இருக்கு!”

உப்புத் தண்ணீர் நிரப்பிய வாளியில் சின்னது ஒருக்களித்துக் கிடந்தது. வாலில் பாதியைக் காணோம். செவுள் மட்டும் திறந்து திறந்து மூடியது. காற்றுக் குழாயை அதன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நோரீன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கெட்ட முதுகோடு அவர் தரையில் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. கடைசியில் அது மெல்ல நிமிர்ந்தது.

“பாதித் தலையோட நான், பாதி வாலோட அது” என்றார் கெல்வின். “என் பேரையே வச்சிடு.”

வைத்துவிட்டார். கட்டுப் போட்ட விரலோடு மறு பாதியையும் வெட்டி முடித்தார். கல்யாணப் படங்களில் கெல்வின் எந்தப் பக்கம் நின்றாலும் தலை கொஞ்சம் சாய்ந்தே தெரிகிறது.

அன்று சாயங்காலமே க்ளைவுக்குப் போன் போனது. அவர் ரொம்ப நாளாகச் சார்ஜென்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டல் வரவேற்பறையில் புதுத் தொட்டி வைத்து, அழகான மீன் தேடிக்கொண்டிருந்தார். “கடிச்சா இன்னும் நல்லது. வர்றவன் வேடிக்கை பாப்பான்.”

“ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிடு” என்றார் நோரீன். “கொலைகாரிய வச்சுக்கிட்டு எனக்கு முடி வெட்ட வராது.” போனை வைத்த பிறகு தொட்டிப் பக்கமே திரும்பவில்லை. தீனியைக் கூட முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டே தூவினார்.

ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது. வாளி தூக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். மதியம் நோரீன் வலையோடு நின்றார். சார்ஜென்ட் அகப்படவில்லை. வலை இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் வழுக்கினாள், ஆனால் தூரம் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பூந்தொட்டித் துண்டுக்கே திரும்பி வந்து வலையை நேருக்கு நேர் முட்டினாள். நோரீனுக்கு மூச்சு வாங்கியது. வலையைப் போட்டுவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“போறதுக்கு ஏன் இப்படி அடம் பிடிக்கறா? வேற மூலையே இல்லையா இவளுக்கு?”

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வலை ஓய்ந்ததும் ராய் வெளியே வந்தான். அந்தத் துண்டை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தான். ஒட்டியிருந்த பாசியைப் பிய்த்துத் துப்பினான். வீட்டு வாசலைத் தேய்த்துக் கழுவுபவர்கள் மாதிரி அத்தனை மும்முரம். பிறகு சார்ஜென்ட் வந்தாள். வயிறு உப்பியிருந்தது. அதுவரை எங்கள் இருவர் கண்ணுக்கும் அது படவேயில்லை. வயிற்றைத் துண்டோடு உரசிக்கொண்டு, உடம்பு லேசாக அதிர, மெதுவாக நகர்ந்தாள். அவள் போன வழியில் ஆரஞ்சுப் புள்ளிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. பின்னாலேயே ராய். மறுபடி அவள். மறுபடி புள்ளிகள்.

நோரீன் என் கையைப் பிடித்திருந்தார். ஆடு கத்தரித்த பிடி. வலித்தது.

“முட்டை” என்றார், கிசுகிசுப்பாக. அந்தக் குரல் அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. “பாவி மக, முட்டை வைக்க எடம் பாத்திருக்கா. நான் என்னடான்னா கை விட்டுக் கலக்கறேன், ஊர்ல இல்லாதவனக் கொண்டாந்து வீட்டுக்குள்ள விடறேன். நானா இருந்தா கடிக்கறதோட விட்டிருப்பேனா?”

அந்த நேரம் பார்த்துக் க்ளைவ் தெர்மாகோல் பெட்டியோடு உள்ளே வந்தார். “எங்க என் பொம்பள ரவுடி?”

“உஷ்! வாய மூடு! கதவ மெதுவாச் சாத்து!”

“என்ன ஆச்சு? செத்துப்போச்சா?”

“இவ எங்கயும் வரல. வாளியில ஒருத்தன் இருக்கான், அவனக் கொண்டு போ. பேரு கெல்வின்.”

க்ளைவ் வாளியை எட்டிப் பார்த்தார். “பாதி வாலு.”

“வளரும். உன் தலையில முடி வளரும்னு நானும் நம்பிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

திங்கட்கிழமை டவுன்ஸ்வில் மீன் கடைக்காரிக்குப் போன் போட்டார். ஜோடி சேர்ந்த இடத்தில் மூன்றாவதை விட்டதற்கு அவள் திட்டிய திட்டு பெஞ்ச் வரை கேட்டது. நோரீன் எல்லாவற்றுக்கும் “சரி, சரி” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் இரண்டு தடவை வந்ததை ஊரே பேசியது.

ராய் இரவு பகலாக முட்டைகளுக்குச் செட்டையால் விசிறினான். அவை கறுத்து, பிறகு வெள்ளிக் கண்களாக மினுங்கின. ஒருநாள் காலையில் ஒன்றுமில்லை. பொரித்த குஞ்சுகளெல்லாம் பெற்றவர்களுக்கே இரையாகிப் போயிருந்தன. முதல் ஈட்டில் அப்படித்தான் ஆகும் என்று கடைக்காரி முன்பே சொல்லியிருந்தாள். ஆனாலும் அன்று நோரீன் யாரையும் ஆட்டோடு ஒப்பிடவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி மணல் பறந்தது. “ஆரம்பிச்சுட்டா!” என்று சிரித்தார். கை விடவில்லை.

அதிலிருந்து கடையில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. யாராவது எரிந்து விழுந்தால் நோரீன் கத்தரியைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: “நீ எங்கய்யா முட்டை வச்சிருக்கே?” ஒரு தடவை க்ளைவ் காலை முதல் எல்லாரையும் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார். இந்தக் கேள்வி வந்ததும் கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு, பெண்டாட்டிக்கு மறுநாள் ஆபரேஷன் என்றார். அன்று நோரீன் அவர் முகத்தில் சுடுநீரில் நனைத்த துண்டை இரண்டு தடவை போட்டார். (பெண்டாட்டி நன்றாக இருக்கிறார். போன மாதம் கூட எங்களையெல்லாம் கேரம்ஸில் தோற்கடித்தார்.)

போன வாரம் க்ளைவ் கட்டை விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடைக்குள் பாய்ந்தார். “உன் கெல்வின் என்னக் கடிச்சுட்டான்!”

வாலெல்லாம் எப்போதோ வளர்ந்துவிட்டது. தனித் தொட்டியில் ராஜாங்கம் செய்து பருத்தும் போயிருந்தது. அதற்குத் துணையாகச் சின்ன ஒன்றையும் க்ளைவ் விட்டிருந்தார்.

“கடிச்சுட்டான் இல்லய்யா, கடிச்சுட்டா” என்றார் நோரீன். “பெரிசா வளர்ந்தது பொம்பளையா மாறிடும். கடைக்காரி சொன்னா. அதுங்க வீட்டு வழக்கம் அப்படி.” பெஞ்சில் இருந்த ஒரிஜினல் கெல்வின் இருமினார்.

நோரீன் கடையை அப்படியே பூட்டிக்கொண்டு மோட்டலுக்குக் கிளம்பினார். நானும் போனேன். வரவேற்பு மேசையை ஒட்டி இருந்த தொட்டியின் முன்னால், ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மண்டி போட்டார். உள்ளே சின்னது ஒரு கல்லைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. முட்டை இன்னும் இல்லை. கெல்வின் வயிறு உப்பி, அந்தக் கல்லுக்கு மேலே மெதுவாக வட்டமிட்டாள்.

வெளியூர்க்காரர் ஒருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மேசையில் ஆளைக் காணாமல், அங்கிருந்த அழைப்பு மணியை அடிக்கக் கையை ஓங்கினார். நோரீன் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, அந்த மணியைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.