யாழ்ப்பாணம் போன ஹெலிகாப்டர்

அன்று என் மகளின் வாயை நான் அடக்கியிருக்க வேண்டுமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அடையாறில் எங்கள் கீழ்வீட்டுக்காரர், தாக்குதல் ஹெலிகாப்டர் படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த மீசை, எப்போதும் தேய்த்த சட்டை. மேலே ஹெலிகாப்டர் போனால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். அவர் மட்டும் தரையைப் பார்ப்பார்.

"உங்க ஹெலிகாப்டர் வெள்ளத்துல சாப்பாடு போடுமா தாத்தா?" என்று அன்று வாசலில் உட்கார்ந்திருந்த அவரிடம் கேட்டாள் என் ஐந்து வயது மகள்.

"அது வேற கண்ணு. எங்களோடது எதிரி டாங்கிய அடிக்கிறதுக்கு. ஆனா என் இருபது வயசுல அமைதிப்படையோட யாழ்ப்பாணத்துக்கு அனுப்புனாங்க. அங்க டாங்கியே இல்ல."

"எதிரி?"

"இருந்தாங்க."

"என்ன பாஷை பேசுவாங்க?"

"நம்ம பாஷைதான்," என்றவர் எழுந்து உள்ளே போனார்.

அதன்பின் எங்களைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறார். "தாத்தாவுக்கு என் மேல கோபமா?" என்று மகள் தினமும் அழுகிறாள். அவளுடன் போய்க் கதவைத் தட்டுவதா, அவரை அப்படியே விட்டுவிடுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.