ஐந்து அடி குறைந்த வீடு

மலாயாவின் கிள்ளானில் நாங்கள் இருந்த வீட்டுக்குப் படம் வரைந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். ஜப்பான்காரன் வருவதற்கு முன் ரயில்வேயில் கட்டட வரைபடம் போட்டவர். சயாமுக்கு ரயில் பாதை போட ஆண்களை ஏற்றிப்போன பிறகு, ரப்பர் தோட்டத்தில் பிழைக்க வழியில்லாமல் பிள்ளைகளோடு டவுனுக்கு வந்த பெண்களுக்காக அந்த வீட்டைக் கட்டினார். நிலம் தந்தவர் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர். எங்கள் அப்பாவும் சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்.

அந்த வீட்டை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. அத்தாப்பு ஓலைக் கூரைதான், ஆனால் ஒரு சொட்டு ஒழுகாது. தெருவில் போகிறவன் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் சன்னல்கள். குளிக்கிற இடம் வீட்டுக்குள்ளேயே. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று எங்கள் அம்மாவிடம் ஒருவர் கேட்டதே அதுதான் முதல் தடவையாம். அம்மா யோசித்து, ஆளுக்கொரு அடுப்பு வேண்டும் என்றாராம். கடைசிச் சுவரை ஒட்டி ஏழு அடுப்பு வந்தது.

அந்த அடுப்புச் சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஆறு பெண்கள் நெருக்கி நிற்கலாம். விறகுக் கட்டுகளை நகர்த்தினால் நுழைய வழி. வயதுக்கு வந்த பெண்களை 'வேலைக்கு' என்று லாரியில் ஏற்றிப்போன காலம் அது. லாரிச் சத்தம் கேட்டதும் பதினாறு வயது அக்கா உள்ளே போய்விடுவாள். பத்து வயதுக்குக் கீழே யாருக்கும் இதைச் சொல்லவில்லை. அக்கா கீரை பறிக்கப் போயிருக்கிறாள் என்றுதான் என்னிடம் சொல்வார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். காலடியை ஒட்டி ஒட்டி வைத்து அளக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன். ஒருநாள் வீட்டை அளந்தேன். வெளியே தொண்ணூறு அடி, உள்ளே எண்பத்தைந்து.

அன்றைக்கென்று லாரி வந்தது. ஜப்பான் சிப்பாய் ஒருவனும், அவனுக்கு ஆள் பிடித்துத் தரும் மண்டோர் என்கிற தமிழ்க் கங்காணியும் இறங்கி வந்தார்கள். வரைபடக்காரர் கதவுக்குக் கீல் மாற்றிக்கொண்டிருந்தார். கால் அங்குலம் பிசகினாலும் பலகையைக் கழற்றச் சொல்கிற மனிதர். அவர் தவறைச் சபையில் எடுத்துக்காட்ட இதைவிட நல்ல நேரம் எனக்குத் தோன்றவில்லை.

"வெளிய தொண்ணூறு, உள்ள எம்பத்தஞ்சுதான் இருக்கு. அஞ்சு அடி எங்க போச்சு?" என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா சொல்லுது இந்தக் குட்டி?" என்றான் மண்டோர்.

வரைபடக்காரர் தலையைத் தூக்காமலே சிரித்தார். "பிள்ளை வெளியில மரக்கட்டைச் செருப்போட நடந்திருக்கு, உள்ளுக்க வெறுங்கால். அப்ப கணக்குப் பிழைக்கும்தானே."

"அதான பார்த்தேன். பெரிய வாத்தியாரம்மா இவ. பத்துக்கு மேல எண்ணத் தெரியாதுண்ணே" என்றார் அம்மா. எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். அளவுக்கு மிஞ்சியே சிரித்தார்கள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு தடவையும் நான் வெறுங்காலோடுதான் நடந்தேன். அதுவுமில்லாமல் செருப்பு காலைவிட நீளம். அதைப் போட்டு நடந்தால் வெளிக்கணக்கு குறையுமே தவிர கூடாது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கை அதற்குள் திணித்தார்.

மண்டோரும் சிரித்துவிட்டு லாரிக்குத் திரும்பினான். அவனுக்கும் கணக்கு வராது என்பது நாங்கள் செய்த புண்ணியம். அன்று என்னை முட்டாளாக்கிய அந்த மனிதரை இப்போது பார்த்தால் காலில் விழுந்து கும்பிடுவேன். அப்போதோ, அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு மூலையில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்தாள். தலையெல்லாம் கரி. கையில் கீரை இல்லை.

"நான் சொன்னத யாரும் நம்பலக்கா. அஞ்சு அடி குறையுது" என்று அழுதேன்.

அக்கா என்னை இழுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். "நீ சொன்னதுதான் சரி. அஞ்சு அடி இருக்கும்" என்றாள்.

பள்ளிக்கூடமே போகாத அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அத்தனை பேர் இருக்கிற வீட்டில் கணக்குத் தெரிந்த இன்னொரு ஆளாவது இருக்கிறாளே என்று அழுகையை நிறுத்தினேன்.